இரண்டு எந்தப் பக்கம்?

குளிசை போட்டுக் கொடுக்கும் சின்ன வெள்ளை உறை இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில்தான் அவள் எழுதுவாள். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. எழுதி முடித்து உறையை நீட்டுவாள். நாங்கள் வாங்கக் கை நீட்டினால் விடமாட்டாள். ஒரு நுனியை அவளும் மறு நுனியை நாங்களும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். “வாசிச்சுக் காட்டுங்க” என்பாள். வாசித்துக் காட்டினால்தான் அவள் பிடித்திருக்கும் நுனி விடுபடும்.

நாங்கள் அவளை ‘மிஸ்’ என்று கூப்பிட்டோம். முதல் நாள் கடையின் நீல மேலங்கியோடு ஆஸ்பத்திரித் தாதிபோல வந்து நின்றதால் ஒட்டிக்கொண்ட பெயர். என்னைவிட நாலைந்து வயது இளையவள் என்பதால் இங்கே அவள் என்று எழுதுகிறேன். நேரில் அப்படிக் கதைக்கும் துணிவு எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அவள் எழுதியது மருந்து விபரமல்ல. சண்டை விளையாட்டின் அடிகள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியில், நாலு திரைகளோடு ஒரு கேம் சென்ரர் இருந்தது. ரயில் போகும்போது திரைகள் நடுங்கும், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஐஸ்கிரீம் வாளி ஒன்று வைத்திருந்தார்கள். அங்கேதான் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் கூடினோம். பத்துப் பேர் இருப்போம். எல்லாரும் வேலைக்குப் போகிற, முப்பதைத் தொட்ட அல்லது தாண்டிய ஆட்கள். வீட்டில் கேட்டால் ‘ஒரு அலுவல்’ என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்.

இந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. திரையில் இரண்டு சண்டைக்காரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவன் கையிலிருந்து நெருப்புப் பறக்கவேண்டும் என்றால், நாம் கைப்பிடியைக் கீழே அழுத்தி, அப்படியே மூலை வழியாக முன்னுக்கு உருட்டி, உடனே குத்துக்கான பொத்தானை அமுக்கவேண்டும். செய்ய அரை வினாடி போதும். ஆனால் இதைத் தாளில் எப்படி எழுதுவது என்பதில் உலகத்தில் இன்னும் ஒற்றுமை இல்லை. எங்கள் மாடியிலும் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர்கள் அம்புக்குறி போடுவார்கள். கீழே ஓர் அம்பு, சரிந்து ஓர் அம்பு, முன்னே ஓர் அம்பு. பம்பலப்பிட்டியில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர், ‘கால் வட்டம் முன்னால்’ என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி மூன்று எழுத்தில் எழுதுவார்கள். நான் இலக்கக்காரன். கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு சதுரம் இருக்கிறதல்லவா, அதுதான் என் முறை. நடுவிலுள்ள ஐந்து, கைப்பிடி சும்மா நிற்கும் இடம். மேலே எட்டு, கீழே இரண்டு, முன்னே ஆறு. ஆகவே நெருப்பு என்றால் இரண்டு, மூன்று, ஆறு, குத்து. இதைவிடச் சுருக்கமாக மனிதனால் எழுத முடியாது. எனக்குக் கப்பல் கொம்பனி ஒன்றில் கொள்கலன் இலக்கங்கள் அடிக்கும் வேலை. நாள் முழுக்க என் வலது கை அந்தச் சதுரத்தின் மேல்தான் கிடக்கும்.

விளையாட்டிலுள்ள அத்தனை சண்டைக்காரர்களின் அத்தனை அடிகளையும் என் முறையில் ஆறு தாள்களில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சென்ரர் சுவரில் மாட்டியிருந்தேன். ஒருவரும் கேட்டுச் செய்ததல்ல. எனக்கு அது பெருமை.

அவள் முதல் நாள் வந்து அந்தச் சுவரின் முன்னால் கனநேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இது என்னங்க, லொத்தர் ரிசல்ட்டா?” என்று கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பெரிய விளையாட்டுக்காரியல்ல. தடித்த மல்யுத்தக்காரி ஒருத்தியை மட்டும் எடுப்பாள். பத்துக்கு நாலு வெல்லுவாள். தோற்றால் முகம் மாறாது, வென்றாலும் மாறாது. அவளுக்குச் சுவாரசியம் வேறு எதிலோ இருந்தது. ஒருவருக்கு ஓர் அடி வரவில்லை என்றால் தன் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வருவாள். மேலங்கிப் பையிலிருந்து உறையை எடுப்பாள். “நீங்க எப்படி எழுதுனா வாசிப்பீங்க?” என்று கேட்பாள். அம்புக்காரனுக்கு அம்பு. ஆங்கில எழுத்துக்காரனுக்கு ஆங்கில எழுத்து. ஒன்றும் வேண்டாம் என்கிறவனுக்குத் தமிழில் ‘கீழ், கீழ்முன், முன், குத்து’.

எனக்கு இது சரிப்படவில்லை. ஒருநாள் நேரடியாகவே சொன்னேன். “ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் பொதுவா ஒரு முறை எண்டு ஒண்டு இல்லாமல் போயிடும். அவையள் பழகத்தான் வேணும்.”

“பழக வந்தது விளையாட்டத்தானே பெரியவரே. உங்க எழுத்தையா?”

பெரியவரே என்பது எனக்கு அவள் வைத்த பட்டம். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை.

தெஹிவளையிலிருந்து ஒரு சிங்கள ஓட்டோ சாரதி வந்துகொண்டிருந்தார். ஒரு மாதமாக அவருக்கு நெருப்பு வரவேயில்லை. சுவரைப் பார்ப்பார், உருட்டுவார், வராது. ‘இவருக்குக் கை வராது, சிலருக்கு அப்படித்தான்’ என்று நான் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தேன். அவள் போய் அவர் பக்கத்தில் குந்தி, “அய்யே, கியவலா பென்னன்ன” என்று சிங்களத்திலேயே வாசித்துக் காட்டச் சொன்னாள். அவர் விரலால் காற்றில் காட்டினார். கீழ், சரிவு, வலது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்த மனிதர் எப்போதும் வலப்பக்கக் கதிரையிலேயே இருக்கிறவர். அவருடைய சண்டைக்காரன் திரையின் வலப்பக்கம் இடதைப் பார்த்து நிற்பான். அவனுக்கு முன்பக்கம் இடது. என் இலக்கங்களோ இடப்பக்கம் நிற்கிறவனுக்காக எழுதப்பட்டவை. மற்றப் பக்கமென்றால் திருப்பிப் போடவேண்டும்.

“அது ஆறாவது தாளின்ர அடியில எழுதியிருக்கு” என்றேன். உண்மையாகவே எழுதியிருந்தது, சின்ன எழுத்தில்.

அவள் ஆறாவது தாள்வரை நடந்து போய், குனிந்து அதை வாசித்துவிட்டு வந்தாள். “எழுதியிருக்குத்தான். ஆனா அவருக்கு ஒரு மாசமா வரலியே. வாசிச்சவரு பிழை விட்டா, அது எழுதுனவரு விட்ட பிழைங்க.”

இதுதான் அவள். வேறொன்றும் சொல்லாவிட்டாலும் இந்த ஒரு வசனத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடலாம். எனக்கு அந்த வசனத்தில் துளியும் உடன்பாடு இல்லை. வாசிக்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் முந்திய அளவுக்குச் சத்தமாகச் சொல்வதில்லை.

அவளுடைய கடைக்கு ஒருமுறை நெஞ்செரிவுக்குக் குளிசை வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் நின்றார். மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, பார்த்தால் எந்த அரசாங்கக் கந்தோரிலும் கதிரை போட்டுக் கொடுப்பார்கள். அவரிடமும் உறையை நீட்டிவிட்டு நுனியை விடாமல் நின்றாள்.

“பிள்ளை, எனக்கு வாசிக்கத் தெரியும்.”

“தெரியுங்க சேர். ஒருக்கா சொல்லுங்க.”

அவர் சலித்துக்கொண்டே, “ஒரு நேரம் இரண்டு” என்றார். உறையில் இருந்தது இரண்டு நேரம், ஒவ்வொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து, காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு போட்டு, பெரிய எழுத்தில் எழுதி, “மன்னிச்சுக்கங்க சேர், முந்தி எழுதுனது சரியில்ல” என்றாள். நடிப்பில்லை. மெய்யாகவே தான்தான் பிழைவிட்டதாக நினைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

சொல்லத்தான் வேண்டும், அவளோடு பழகுவது லேசுப்பட்ட காரியமல்ல. சாப்பாட்டுக் கடையில் சொன்ன சாமானை வெயிற்றரிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுவாள். எங்களில் ஒருவனின் கலியாண அழைப்பிதழில் மண்டபத்துக்குப் போகும் வழி வரைபடம் போட்டிருந்தது. பாமன்கடைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்தல்லவா பார்க்கவேண்டும் என்று சொல்லி, நூற்றைம்பது அழைப்பிதழிலும் பேனாவால் ஒரு குறி போட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கே எரிச்சல் வந்துவிட்டது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். படியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“முந்தி வேற கடையில இருந்தேங்க. ஒரு அம்மா நான் எழுதுனத மாத்தி வாசிச்சு, ராத்திரிக் குளிசைய பகல்ல மூணா போட்டுட்டாங்க. மூணு நாள் ஆஸ்பத்திரி. மொதலாளி உறைய வாங்கிப் பாத்துட்டு, நீ சரியாத்தான் எழுதியிருக்க, உனக்கு ஒண்ணும் வராதுன்னாரு.” தேநீரைக் குடித்தாள். “சரியாத்தான் எழுதியிருந்தேன். அவங்க மூணு நாள் படுத்திருந்தாங்க.”

அதைச் சொன்னபோதும் முகம் மாறவில்லை. அவர்களுடைய குடும்பம் அட்டனிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தது. அது தவிர அவளுடைய வீட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

பிறகு ஒப்பரேற்றர் அண்ணை வந்தார். ஐம்பது வயதிருக்கும். பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஒருநாள் ஒழுங்கையால் போகும்போது சத்தம் கேட்டு, தானாகவே படியேறி வந்து, “இது என்ன சண்டை? ஆர் ஆரோட?” என்று கேட்டார். கேட்டவர் அன்றைக்கே ஒரு கதிரையில் இருந்துவிட்டார்.

அவர் காதால் விளையாடினார். இடது காதில் காலடி கேட்டால் ஆள் இடப்பக்கம். ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு. மிஸ் அவருக்கு உறையில் எழுதவில்லை. ஓர் அடியை நிறுத்தி நிறுத்திச் சொல்லி, குரல் செய்தியாக அனுப்பினாள். ‘கீழ், கீழ்முன், முன், குத்து.’ அவர் திருப்பிச் சொல்லி அனுப்பவேண்டும். சொல்லி அனுப்பினால்தான் அடுத்தது. நாங்கள் தாடிக்காரன் என்று கூப்பிட்ட ஒரு சண்டைக்காரனை அவர் அப்படி முழுதாக மனதில் ஏற்றிக்கொண்டார். இரண்டு மாதத்தில் என்னைத் தோற்கடித்தார். நான் வலக்கதிரை சரியில்லை என்று சொன்னேன்.

அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். அந்த ஊர் ஆட்கள் ஐந்து பேர், எங்கள் பக்கத்தில் ஐந்து பேர். கொட்டாஞ்சேனைக்காரியாக இருந்தும் மிஸ் எங்கள் பக்கம்தான் நின்றாள், ஒப்பரேற்றர் அண்ணையும் ஐவரில் ஒருவர். ஒரே பக்கத்தில் இரண்டு பேர் ஒரே சண்டைக்காரனை எடுக்கக்கூடாது என்பது விதி. எங்கள் பட்டியலைப் போட்டது நான். போடும்போது தாடிக்காரனுக்கு நேரே என் பெயரை எழுதினேன். எனக்கு அவன் வேண்டியிருந்தான், அவ்வளவுதான். அண்ணைக்குச் சடைக்காரி என்ற இன்னொருத்தியைக் கொடுத்தேன்.

“பரவாயில்லைத் தம்பி. மூவ்ஸை மட்டும் அனுப்பிவிடும், நான் பாடமாக்கிப்போடுறன்” என்றார் அவர். வீட்டில் அவருக்கு விளையாட வசதி இல்லை. கேட்டுப் பாடமாக்குவது மட்டும்தான் வழி.

சனிக்கிழமை மிஸ்ஸுக்குக் கடையில் இரட்டை ஷிப்ட். “நான் அனுப்பிறன்” என்று அவளிடம் மட்டும் சொல்லி நான் பொறுப்பெடுத்தேன். “சொல்லிக் காட்டச் சொல்லுங்க” என்றாள். ஓம் ஓம் என்றேன். மிஸ்ஸும் நாங்களும் பாவிக்கும் சென்ரரின் பொதுப் போனை எடுத்து, ‘ஐந்து நடு, மற்றவை அதைச் சுற்றிய திசைகள்’ என்று ஒரு வரி போட்டு, சடைக்காரியின் ஒன்பது அடிகளையும் என் இலக்கங்களிலேயே எழுதி, பெயர் போடாமல் அனுப்பிவிட்டேன். அவருடைய போன் எழுத்தை வாசித்துச் சொல்லும். அதோடு, இலக்கம் என்றால் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. நூற்றுக்கணக்கான தொலைபேசி இலக்கங்களை மனதில் வைத்திருக்கிற மனிதருக்கு இதைவிடச் சுகமாக எதைக் கொடுப்பது? எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ‘இலக்கமோ, இது இன்னும் சுகம்’ என்று அவரும் பதில் போட்டார். திருப்பிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைய ஆட்கள். அண்ணை பஸ்ஸில் வரும்போதே முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டு வந்தார். நாலாவது ஆட்டம் அவருடையது. கதிரையில் இருந்தார், மணி அடித்தது, சடைக்காரி துள்ளினாள்.

திரும்பவும் துள்ளினாள். அண்ணை கைப்பிடியை உருட்டுவார், அவள் நெருப்பை விடுவதற்குப் பதில் ஆகாயத்துக்குப் பாய்வாள். எதிரி கீழே நின்று, அவள் விழும்போதெல்லாம் ஒரு குத்து விட்டான். ஆறேழு தடவை இப்படி நடந்ததும் பின்னாலிருந்து ஒருவன், “அண்ணன் ஸ்கிப்பிங் அடிக்கிறாரு டோய்” என்றான். மண்டபமே சிரித்தது. அண்ணைக்குக் காதுதானே எல்லாம். அவர் இன்னும் வேகமாக உருட்டினார். சடைக்காரி இன்னும் வேகமாகத் துள்ளினாள்.

ஆட்டம் முடிந்து நாங்கள் ஓரமாக நின்றோம். கிராண்ட்பாஸ்காரரான சென்ரர் முதலாளி குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “கண்ணு தெரியாத மனிசன இதுக்குள்ள இழுத்தது எங்கட பிழை. இனி அவரப் போட வாணாம். மனிசனுக்கும் வெக்கம், எங்களுக்கும் வெக்கம்.”

அண்ணை அதைக் கேட்டார். ஆனால் அவரைப் பிடித்திருந்த பயம் வேறு. “ஒம்பதே ஒம்பது தம்பி” என்றார் என் பக்கம் திரும்பி. “ஒம்பதும் நிண்டது எண்டுதான் நினைச்சன். ஒண்டும் நிக்கேல்ல. நாளைக்கு ஒப்பீசில போய் இருந்தால் நம்பருகள் வருமோ தெரியேல்ல. எனக்கு அது போச்செண்டால் வேற ஒண்டும் இல்லை, தெரியுமோ.” கைகளை ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருந்தார். ஒரு மனிதர் அப்படிப் பயந்து நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மிஸ் அவர் முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, ரெண்டு எந்தப் பக்கம்?”

“ரெண்டோ?” அண்ணை பெருவிரலை உயர்த்தினார். “மேல.”

“எட்டு?”

“கீழ.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணினிச் சதுரத்தில் கீழ்வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. தொலைபேசியில் அதே ஒன்று, இரண்டு, மூன்று மேல்வரிசையில். முப்பது வருடம் தொலைபேசியில் விரல் வைத்த மனிதருக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு கீழும் மேலாகப் போயிருக்கிறது. ஒன்பது அடியும் அவருக்கு நின்றிருந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் எழுதியதை அப்படியே அவர் செய்திருக்கிறார்.

அதைச் சொல்ல வேண்டியது நான். ஒரு வசனம் போதும். முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார், அணிக்கு நான்தான் தலைவன், பட்டியலும் நான், தாடிக்காரனும் நான். என் வாய் திறக்கவில்லை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல அண்ணே” என்றாள் மிஸ். “எழுதுனதுதான் பிழை. கம்பியூட்டர் நம்பர டெலிபோன்காரருக்குக் கொடுத்தாச்சு. நேத்து சாப்பாட்டு நேரத்துல ஓடிவந்து, சுவரப் பாத்து நான்தான் அனுப்புனேன். உங்கள சொல்லிக் காட்டச் சொல்லாம அனுப்பிட்டேன்.”

அண்ணை சிறிது நேரம் விரல்களால் காற்றில் தடவிப் பார்த்தார். பிறகு, “அட, அப்ப சரியாத்தானே செய்திருக்கிறன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி மட்டும் சேரவில்லை. “அப்ப இனி நீங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் எழுத வாணாம் மிஸ்” என்றார். மற்றவர்களும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். எல்லாரையும் வாசிச்சுக் காட்டச் சொல்லிப்போட்டு, கடைசியில நீங்களே இப்பிடிச் செய்தால் எப்பிடி என்று கேட்டார்கள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அண்ணையை அணியிலிருந்து எடுக்கும் கதை அதோடு நின்றுபோனது.

வெளிப்படியில் அவளைப் பிடித்தேன். “ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?”

“நீங்க சொல்லுவீங்கன்னு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுனேன்” என்றாள். “நீங்க சொல்லல. அவரு பயந்துபோய் நின்னுக்கிட்டிருந்தாரு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். ஒரு மருந்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் மாடிக்கு இரண்டு தடவைதான் வந்தாள். மேலங்கிப் பையில் உறை இருந்தது, எடுக்கவில்லை. ஒருவனுக்கு ஓர் அடி வராமல் தவித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்பிப் போனாள். அடுத்த மாதம் குடும்பத்தோடு அட்டனுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போகுமுன் ஒரு வேலை செய்திருந்தாள். விளையாட்டின் அத்தனை அடிகளையும் தொலைபேசி இலக்கத்துக்கு மாற்றி அண்ணைக்கு அனுப்பியிருந்தாள். அவர் எனக்குக் காட்டினார். நெருப்பு என்றால் எட்டு, ஒன்பது, ஆறு. நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். என் ஆறு தாளும் தலைகீழாக, ஒரு பிழையில்லாமல் இருந்தது. நானும் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். அண்ணையின் பக்கத்துக் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை.

போன மார்கழியில், நாலு வருடத்துக்குப் பிறகு, வேறு அலுவலாக பம்பலப்பிட்டியிலுள்ள அண்ணையின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். வணக்கம் என்று நான் சொன்ன உடனேயே, “தம்பியல்லோ” என்றார் ஒப்பரேற்றர் அண்ணை. சுகம் விசாரித்தோம். சனிக்கிழமைகளில் இன்னும் போகிறாராம், இப்போது சடைக்காரிதான் அவருடைய ஆளாம். மிஸ் அட்டனில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாளாம்.

“பாவம் அந்தப் பிள்ளை” என்றார். “எவ்வளவு கவனமான பிள்ளை. ஒருநாள் பிழைச்சுப்போச்சு, எல்லாரும் ஏசிப்போட்டினம்.”

 “அண்ணை, அண்டைக்கு அதை அனுப்பினது நான்” என்றேன்.

அவருடைய பக்கத்தில் இன்னொரு அழைப்பு மணி அடித்தது. எடுக்கவில்லை. அது தானாக நின்றது.

“அவவுக்கு இது தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப எனக்குத்தான் தெரியாது.”

“ஓம் அண்ணை.”

“பொறும்” என்றார்.

காத்திருப்போருக்கான இசை வந்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைத்திருக்கலாம், ஆனால் வைக்கவில்லை. இசை நின்று எங்கோ மணி போனது. யாரோ எடுத்தார்கள். கடையின் பெயர் சொன்ன குரல் அவளுடையது.

“பிள்ளை, நான் அண்ணை கதைக்கிறன்” என்றார் அவர். “தம்பியும் லைனில நிக்கிறார். அண்டைக்கு ஆர் அனுப்பினது எண்டு இப்பதான் எனக்குச் சொன்னவர்.”

அந்தப் பக்கம் யாருக்கோ ‘ஒரு நிமிசம் இருங்க’ என்றாள். கத்தரிக்கோலைக் கண்ணாடி மேல் வைக்கும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவள் என்னோடு கதைக்கவில்லை.

“அண்ணே” என்றாள். “நாலு பொங்கலுக்கும் எனக்குப் போன் எடுத்து, பரவாயில்லப் பிள்ளை, பிழை எல்லாருக்கும் வாறதுதான், நான் மனசில வச்சிருக்கேல்லன்னு சொன்னீங்களே. அத நான் இப்ப என்னங்க செய்றது?”

 மூன்று பேரும் லைனில் நின்றோம்.

“தம்பி” என்றார் கடைசியில். “உம்மட நம்பரைச் சொல்லும். பொங்கலுக்கு வேணும்.”

ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்.